‘முன்பு நான் போய்…’ என்று சொல்வது கீழ்ப்படியாமையா?

முதலில் உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். உங்களுக்கு 28 வயது, நிலையான வேலை. தாத்தா எழுதிவைத்த வீட்டில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், தங்கையின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது என்ற பாரம் மூன்று வருடமாக உங்களை விடவில்லை. வீட்டிலோ உங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் கலப்பை வசனத்தை (‘கலப்பையின்மேல் தன் கையை வைத்துப் பின்னிட்டுப்பார்க்கிற எவனும் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல’) எடுத்து, தாமதிப்பதே கீழ்ப்படியாமை என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. வேலையை விட்டு, பங்கை விற்றுக் கொடுத்துவிட்டு, இந்த மாதமே கிளம்பலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது: “அம்மா அழுவதைப் பார்த்து நான் நின்றுவிட்டால் இயேசு என்னைத் தகுதியற்றவன் என்பாரா?” மற்றதெல்லாம் ஏற்பாடு சம்பந்தப்பட்டது. இதுதான் உங்களை அரித்துக்கொண்டிருப்பது, அதனால் இதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாடு கற்பித்தவன். ஊழியத்துக்கு வர விரும்புகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் அழைப்பை ஆராயும் குழுவிலும் பல வருடம் இருந்திருக்கிறேன். வசனங்கள் என்ன சொல்கின்றன என்பதில் ஓரளவு உறுதியோடு பேசுவேன். மனிதர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பார்த்த பழக்கத்தில் சொல்வேன். உங்களுக்கு வந்திருப்பது உண்மையான அழைப்புதானா என்பதை ஒரு கேள்வியைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவரை நீங்கள் நம்பவும் வேண்டாம்.

கலப்பை வசனத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. லூக்கா 9-ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களில் மூன்று பேர் வருகிறார்கள். முதல் ஆள் தானாகவே வந்து, நீர் எங்கே போனாலும் பின்னால் வருவேன் என்கிறான். அவனுக்குக் கிடைத்த பதில் தெரியும்: நரிகளுக்குக் குழி உண்டு, பறவைகளுக்குக் கூடு உண்டு, மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை. அதாவது அவசரமாக ஓடிவந்தவனை இயேசு தட்டிக்கொடுக்கவில்லை, எதற்கு வருகிறாய் என்று தெரிந்துகொண்டு வா என்று நிறுத்துகிறார். இரண்டாவது ஆளை அவரே கூப்பிடுகிறார், அவன் அப்பாவை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்கிறான், மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்று பதில் வருகிறது. மூன்றாவது ஆள் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்கிறான், கலப்பை வசனம் அவனுக்குச் சொல்லப்பட்டது. பிரசங்கங்களில் பின்னால் வருகிற இரண்டு பேரும் அடிக்கடி வருகிறார்கள், முதல் ஆள் வருவதே இல்லை. இது எனக்கு நெடுநாளைய வருத்தம், ஏனென்றால் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அந்த முதல் ஆள்தான்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துவிடுகிறேன். அடக்கம்பண்ணும் விஷயத்தில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அன்றைய யூதர்கள் இறந்த அன்றே அடக்கம் செய்வார்கள், அப்பா அன்றுதான் இறந்தார் என்றால் மகன் வழியில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான், எனவே ‘அப்பாவின் காலம் முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன்’ என்பதே அர்த்தம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஒரு வருடம் கழித்து எலும்புகளை எடுத்துக் கல்பெட்டியில் வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது, அதைத்தான் சொல்கிறான் என்று வேறு சிலர். இல்லை, அப்பா இறந்துதான் கிடக்கிறார், இயேசுவின் சொல் அவ்வளவு கடுமையானதுதான் என்று இன்னொரு சாரார். எனக்குக் கடைசிக் கருத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை, கடினமான வார்த்தையை மெத்தென்று ஆக்கிக்கொள்ளும் ஆசை நம் எல்லோருக்கும் இருப்பதால்.

மூன்றாவது ஆளுக்குப் பின்னால் எலிசாவின் கதை நிற்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து பாருங்கள். எலிசா உழுதுகொண்டிருக்கிறான், பன்னிரண்டு ஏர் மாடு, வசதியான வீட்டுப் பிள்ளை. எலியா போகிறபோக்கில் தன் சால்வையை அவன்மேல் போடுகிறார். அப்பா அம்மாவை முத்தமிட்டு வருகிறேன் என்கிறான், போய்வா என்கிறார். போனவன் ஓர் ஏர் மாட்டை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக வைத்துச் சமைத்து, ஜனங்களுக்குப் போட்டுவிட்டு எழுந்து போகிறான். வீட்டுக்குப் போனான், ஆனால் திரும்பி வந்து உழுவதற்கு ஏர் இல்லை. அப்படியானால் விடைபெறுவது தவறு என்று வேதம் சொல்லவில்லை. லூக்காவில் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஒரே சொல்லை வைத்து ஆரம்பிக்கிறார்கள், கவனித்தீர்களா? “முன்பு நான் போய்…” இயேசு பிடித்துக்கொள்வது அந்த ‘முன்பு’ என்ற சொல்லை.

சரி, இப்போது லூக்கா 14-க்கு வாருங்கள். தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்ற பயங்கரமான வசனம் அங்கேதான் இருக்கிறது. வெறுப்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை: ஆதியாகமம் 29-இல் யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான் என்று ஒரு வசனம், உடனே அடுத்த வசனத்தில் லேயாள் வெறுக்கப்பட்டாள் என்று வருகிறது. இரண்டாவது இடத்தில் வைப்பதை அந்த மொழிவழக்கு வெறுப்பு என்கிறது. மத்தேயு 10:37 இதையே ‘என்னைவிட அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று வைக்கிறது. எனவே அம்மாமேல் கோபம் வளர்த்துக்கொள்ளும்படி இயேசு கேட்கவில்லை, இது உறுதி. ஆனால் அதே பகுதியில் இரண்டு வசனம் தள்ளி, கோபுரம் கட்டப்போகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்கிறார்: “முன்பு அவன் உட்கார்ந்து” செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே அந்த இரண்டு பேர் சொன்ன ‘முன்பு’, இங்கே இயேசுவே சொல்லும் ‘முன்பு’. கிரேக்கத்திலும் ஒரே சொல்தான். எல்லாவற்றையும் வெறுத்துவிட்டு வா என்று சொன்ன அதே வாய், முதலில் உட்கார்ந்து கணக்குப் பார் என்றும் சொல்கிறது. அந்தப் பிரசங்கியார் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு வேதனை வந்திருக்காது.

இந்த இரண்டு ‘முன்பு’க்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் கண்டுபிடிக்கப் பழகினேன்: கணக்குப் பார்க்கிற ‘முன்பு’வுக்கு ஒரு தேதி இருக்கும், தள்ளிப்போடுகிற ‘முன்பு’வுக்குத் தேதி இருக்காது. தங்கையின் படிப்பு முடியட்டும் என்பது இரண்டு வருடம், எழுதிவைக்கலாம். வீட்டில் எல்லோரும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கட்டும் என்பதற்கு எந்த நாட்காட்டியிலும் தேதி கிடையாது.

அடுத்து பெற்றோர். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பிழை செய்கிறார்கள். மாற்கு 7-இல் இயேசு பரிசேயர்மேல் கோபப்படுகிறார்: பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளை ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நீங்கள் ஜனங்களை விடுகிறீர்களே என்கிறார். கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது வயதான அப்பாவைக் கைவிடுவதற்குச் சாக்காகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சிலுவையில் தொங்கிக்கொண்டே தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்கிறார், அந்த நேரமுதல் அவன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் 19 சொல்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாற்கு 1:20, இயேசு கூப்பிட்டதும் சீஷர்களான யாக்கோபும் யோவானும் அப்பா செபெதேயுவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வசனத்தில் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது, வேகமாகப் படித்தால் தெரியாது: அப்பாவை ‘கூலியாட்களோடு’ விட்டுப் போனார்கள். படகு ஓடும், வலை அலசப்படும், செபெதேயு பட்டினி கிடக்கப்போவதில்லை. மாற்கு இதை எதற்காக எழுதினார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. செபெதேயுவுக்குப் போனது பிள்ளைகள்மேல் வைத்திருந்த எதிர்பார்ப்பு, பிழைப்பு போகவில்லை.

ஆகவே பெற்றோரின் தேவை வேறு, பெற்றோரின் ஆசை வேறு. தேவை உங்களைக் கட்டும், ஆசை கட்டாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத்தான் எழுதினார்: பிள்ளையின் உதவி இல்லாமல் பிழைக்க முடியாத நிலையில் பெற்றோர் இருந்தால், அவர்களை விட்டுத் துறவு சபையில் சேருவது சரியல்ல, அப்படிப்பட்ட நெருக்கடி இல்லையென்றால் அவர்கள் விரும்பாவிட்டாலும் சேரலாம். அவர் இதைப் பட்டு அறிந்தவர். 1244-இல் பிச்சை எடுத்து வாழும் தொமினிக்கன் சபையில் சேர்ந்தபோது சொந்த அண்ணன்மார் வழியில் பிடித்துக் கொண்டுபோய்க் குடும்பக் கோட்டையில் ஏறக்குறைய ஒரு வருடம் அடைத்துவைத்தார்கள். அவர் துறவியாவதில் வீட்டாருக்கு ஆட்சேபம் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மோந்தே கசீனோ போன்ற பெரிய மடத்துக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், பிச்சைக்காரச் சபை என்பது குடும்ப கௌரவத்துக்கு அடி. விசுவாசமான வீடுகளில் இன்றும் இதே கதையைப் பார்க்கிறேன்: ஊழியம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, கொஞ்சம் மரியாதையான ஊழியமாக இருக்கட்டும் என்கிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களை ஒரு தாளை நடுவில் கோடு போட்டு எழுதச் சொல்வேன். இடது பக்கம் ‘நான் போனால் எது நின்றுபோகும்’, வலது பக்கம் ‘நான் போனால் யாருக்கு ஏமாற்றம்’. ஒரு இளைஞர் இரண்டு நிமிடத்தில் எழுதி நீட்டினார், வலது பக்கம் நிறைய, இடது பக்கம் காலி. அப்பாவுக்கு மாதாமாதம் மாத்திரை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். நான்தான் என்றார். அவர் கையாலேயே ‘அப்பா மருந்து’ என்பதை வலது பக்கத்தில் எழுதியிருந்தார், அப்பா வருத்தப்படுவார் என்ற வரிக்குக் கீழே. அவர் கெட்ட மகன் இல்லை. கடவுளுக்காக எல்லாவற்றையும் விடுகிறேன் என்ற உற்சாகத்தில் மருந்தும் ஒரு பற்றுதலாகத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையை அடித்து இடது பக்கம் எழுதியபோது அவர் கை கொஞ்சம் நடுங்கியது. பத்து மாதம் கழித்து, அக்கா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு அவர் போனார், இன்றும் ஊழியத்தில் இருக்கிறார். நேர்மாறாகவும் நடக்கும். ஒரு பெண் இடது பக்கத்தை நிரப்பிக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் ஒன்றுகூட நின்றுபோகாது, எல்லாம் அம்மாவின் முகத்தைப் பற்றிய பயம். அவருக்கு நான் காத்திருக்கச் சொல்லவில்லை.

நீங்களும் எழுதிப் பாருங்கள். என் யூகம்: தங்கையின் படிப்புச் செலவு நிஜமாகவே உங்கள் சம்பளத்தில்தான் நடக்கிறது என்றால் அது இடது பக்கம். கல்யாணம் வலது பக்கம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்பாவின் ஓய்வூதியம் அவர்கள் இருவருக்கும் போதுமா என்பது நீங்கள் சொல்லாத விஷயம், அதை அப்பாவிடமே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: வீட்டார் கேட்பது விசுவாசத்தையே விட்டுவிடு என்பதாக இருந்தால் இந்தத் தாள் தேவையில்லை. கி.பி. 203-இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்ற இளம்தாய், கைக்குழந்தையோடு சிறையில் இருந்தபோது, நரைத்த தலையோடு அப்பா வந்து கெஞ்சினார். அவள் மறுதலிக்கவில்லை, ஆனால் அப்பாவின் முதுமையை நினைத்துத் துக்கப்பட்டேன் என்று தன் கையாலேயே எழுதிவைத்தாள். உறுதியாக நிற்பதும் அப்பாவுக்காக அழுவதும் ஒரே இருதயத்தில் இருக்கலாம். உங்கள் அம்மாவின் கண்ணீருக்கு உங்கள் மனம் கரைகிறது என்பதால் நீங்கள் பின்னிட்டுப் பார்க்கிறவர் ஆகிவிட மாட்டீர்கள்.

இனி சொத்து. மாற்கு 10-இல் வரும் பணக்காரனைப் பற்றிப் பேசும்போது, அவன் ஒருவனுக்கு மட்டும்தான் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார், அது அவனுடைய தனிப்பட்ட பலவீனம் என்று சமாதானம் சொல்வது வழக்கம். அது சரியல்ல. லூக்கா 12:33-இல் சீஷர்களைப் பார்த்தே உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சை கொடுங்கள் என்கிறார், 14:33-இல் தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாதவன் சீஷனாயிருக்க முடியாது என்கிறார். அப்படியானால் எல்லோரும் விற்றார்களா? இல்லை. சகேயு பாதியைக் கொடுத்தான், அன்றே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. லூக்கா 8-இல் சில பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்கிறார்கள், ஆஸ்தி இருந்தால்தானே அது முடியும். பேதுரு வலையை விட்ட பிறகும் மாற்கு 1:29-இல் அந்த வீடு சீமோன் (அதாவது பேதுரு), அந்திரேயா வீடாகத்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது லேவி: லூக்கா 5:28-இல் எல்லாவற்றையும் விட்டு எழுந்து போகிறான், அடுத்த வசனத்திலேயே தன் வீட்டில் அவருக்குப் பெரிய விருந்து வைக்கிறான்! அந்த வீட்டுக்கு இனிமேல் இயேசு வரலாம், அவரோடு யார் யாரோ வரலாம், அதுதான் லேவி விட்டது. அப்போஸ்தலர் 5:4-இலும் பேதுரு, நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம், விற்பதற்கு முன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் உன் அதிகாரத்தில்தானே இருந்தது என்கிறார். பொய் சொன்னதுதான் குற்றம்.

சுமார் கி.பி. 200-இல் ஆதித் திருச்சபையின் ஆசிரியர் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் இந்தப் பணக்காரனைப் பற்றியே ஒரு முழுப் பிரசங்கம் எழுதினார். யாரிடமும் ஒன்றும் இல்லையென்றால் பசித்தவனுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார், பற்றை விடுவதே முக்கியம் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் 1937-இல் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் சீஷத்துவத்தைப் பற்றி எழுதியபோது, ‘மனதளவில் விட்டால் போதும்’ என்ற இந்த விளக்கத்தை வைத்தே நாம் கீழ்ப்படியாமல் தப்பித்துக்கொள்கிறோம் என்று கையைப் பிடித்தார். நான் இளம் வயதில் கிளமென்ட் பக்கம் இருந்தேன். இப்போது போன்ஹோஃபர் சொல்வதுதான் அதிகம் உறைக்கிறது. பற்றில்லாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர் யாராவது கேட்டவுடன் கொடுத்துவிடுகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இயேசு சபையை நிறுவிய 16-ஆம் நூற்றாண்டு இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில் மூன்று வகை மனிதர்களைக் காட்டுகிறார், மூன்று பேருக்கும் பெரிய பணம் கிடைத்திருக்கிறது, அதன்மேல் உள்ள பற்று மூவரையும் உறுத்துகிறது. முதல் வகை விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் வகை பற்றை விட்டுவிடுகிறேன், பணம் மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று கடவுளைத் தன் வழிக்கு இழுக்கிறது. மூன்றாம் வகைக்கு வைத்துக்கொள்ளவும் ஆசையில்லை, விடவும் ஆசையில்லை, எது ஊழியத்துக்கு நல்லதோ அது. நான் புராட்டஸ்டண்ட், ஆனாலும் இந்த விஷயத்தில் இதைவிட நல்ல கண்ணாடி எனக்குக் கிடைக்கவில்லை. ‘விடவும் ஆசையில்லை’ என்பதை நீங்கள் இரண்டு தடவை படியுங்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்ற மேன்மையும் ஒரு சொத்துதான்.

உங்கள் பங்கைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டில் உள்ள பங்கு அது. சட்டம் உங்களுக்கு என்ன உரிமை தருகிறது என்பதை உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள், எனக்கு அதில் அறிவில்லை. ஆனால் அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது உங்கள் தியாகம் ஆகாது, அவர்களை ஏழையாக்குவது ஆகும். அசிசி பிரான்சிஸ் கதையில் எல்லோருக்கும் தெரிந்தது, 1206-ஐ ஒட்டி ஆயர் முன்னால் உடையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்த காட்சி. அதற்கு முன்னால் நடந்தது அவ்வளவாகத் தெரியாது: இடிந்த கோயிலைக் கட்ட அப்பாவின் கடைத் துணியையும் குதிரையையும் விற்றுப் பணம் கொண்டுவந்தார். அந்தப் பணத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடு என்று சொன்னவர் அந்த ஆயர்தான். தன்னுடையதை விடலாம், அடுத்தவருடையதை விட முடியாது. எகிப்தின் ஆதித் துறவி வனத்து அந்தோனியாரும் அப்படி. பெற்றோர் இறந்த ஆறு மாதத்தில், கோயிலில் இந்தப் பணக்காரன் வசனத்தைக் கேட்டு, நல்ல விளைநிலம் முந்நூறு அரூராவை (அரூரா என்பது எகிப்திய நில அளவு) ஊராருக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியுஸ் சொல்கிறார். மற்றதை விற்றபோது தங்கைக்காகக் கொஞ்சம் வைத்திருந்தார், பிறகு நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று கேட்டதும் அதையும் கொடுத்துவிட்டு, தங்கையை நம்பிக்கையான கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தோனியாரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்தத் தங்கையிடம் யாராவது கேட்டார்களா என்று மனம் நின்றுவிடுகிறது. உங்களுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், கேளுங்கள்.

அவசரத்தைப் பற்றி. திருச்சபை இந்த விஷயத்தில் எப்போதும் மெதுவாகத்தான் போயிருக்கிறது. கத்தோலிக்கத் துறவு சபையில் சேருகிறவர் குறைந்தது 12 மாதம் நவசந்நியாசத்தில், அதாவது தொடக்கப் பயிற்சியில், இருக்க வேண்டும், அதற்குப் பிறகு குறைந்தது மூன்று வருடம் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவு வாக்குறுதி), அப்புறம்தான் நிரந்தரமானது. கடனில் இருப்பவரை, திருப்பிக் கொடுக்க வழியில்லாத நிலையில், சேர்க்கவே கூடாது என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் ஒரு விவரம் இருக்கிறது, எனக்கு அது எப்போதும் நெஞ்சைத் தொடும்: வருகிறவரை உடனே உள்ளே விடாதே, நாலைந்து நாள் கதவைத் தட்டட்டும். ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை முழு ஒழுங்கையும் வாசித்துக் காட்டு. கடைசியில் சேர்த்துக்கொண்ட பிறகும், அவர் போட்டுவந்த சொந்த உடையைத் தூக்கிப் போடாதே, உடைகள் வைக்கும் இடத்தில் பத்திரமாக வைத்திரு, என்றைக்காவது அவர் வெளியேற நேர்ந்தால் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். புராட்டஸ்டண்ட் பக்கம் சீர்திருத்தவாதி கால்வின், உள்ளான அழைப்பு ஒன்று, சபை வெளிப்படையாகத் தருகிற அழைப்பு ஒன்று என்று பிரித்தார். உங்களுக்கு உள்ளானது மூன்று வருடமாக இருக்கிறது. வெளியிலிருந்து இதுவரை யார் சொன்னார்கள்? உங்களைத் தெரியாத ஒரு பிரசங்கியார் ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னது அதில் சேராது.

அப்புறம், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு யாராவது உங்கள் பங்கை விற்று இந்த ஊழியத்துக்கே விதையுங்கள் என்று சொல்லியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இஞ்ஞாசியார் தன் பயிற்சிகளைக் கொடுக்கிறவருக்கு முதலிலேயே விதி வைத்தார்: பயிற்சி எடுப்பவரைத் தரித்திரத்தை நோக்கியோ எந்த வாக்குறுதியை நோக்கியோ நீ தள்ளக்கூடாது, படைத்தவர் அந்த ஆத்துமாவோடு நேரடியாகப் பேசட்டும். உற்சாகத்தில் இருப்பவர் அவசரமாக நேர்ந்துகொள்ளப் பார்த்தால் தடுத்து நிறுத்து என்றும் சொன்னார். மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். தூக்கமில்லாத இரவுகளில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். நான் ஒருவரை அவருடைய கண்ணீரையே அழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் அனுப்பிவைத்தேன், ஒன்றரை வருடத்தில் உடைந்துபோய் வந்தார், அவருக்கு நான் இன்றும் ஜெபிக்கிறேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு, போகவே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் பார்த்து முடித்த பிறகும் அம்மா அழலாம், அப்பா பேசாமல் இருக்கலாம். மார்ட்டின் லூத்தர் 1505-இல் மடத்தில் சேர்ந்தபோது, மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று கனவு கண்ட அப்பா கொதித்துப்போனார். தகப்பனைக் கனம்பண்ணு என்ற கற்பனையை நீ கேட்டதில்லையா என்று முதல் திருப்பலி நாளிலேயே கேட்டார். 1521-இல் துறவு வார்த்தைப்பாடுகளுக்கு எதிராக எழுதிய நூலை லூத்தர் அந்த அப்பாவுக்கே அர்ப்பணித்து, நீங்கள் அன்று சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்காகச் சட்டம் படிக்கத் திரும்பிப் போகவில்லை. அப்பா சரியாகச் சொல்லலாம், அப்படியிருந்தும் அப்பா விரும்பிய இடத்துக்கு மகன் போகாமல் இருக்கலாம். இயேசுவின் வீட்டாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் என்று மாற்கு 3:21 சொல்கிறது, அப்போஸ்தலர் 1:14-இல் அதே தாயும் சகோதரர்களும் மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். செபெதேயுவின் மனைவி, பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய், மத்தேயு 27:56-இல் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். செபெதேயு என்ன ஆனார் என்று எங்கேயும் எழுதவில்லை. எல்லா வீடும் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, வேதமும் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் திறந்திருக்கட்டும். மாற்கு 5-இல் பேய்களிலிருந்து விடுதலையான ஒருவன், உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு உத்தரவு கொடுக்கவில்லை, உன் வீட்டுக்குப் போய், உன் இனத்தாரிடம் கர்த்தர் செய்ததைச் சொல் என்று அனுப்புகிறார். அவனும் கூப்பிடப்பட்டவன்தான், கூப்பிடப்பட்ட இடம் வீடு. உங்கள் அழைப்பு எந்த வகை என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல் போங்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியது: தாளில் கோடு போட்டு எழுதுங்கள். அப்பாவோடு தனியாக உட்கார்ந்து ஓய்வூதியக் கணக்கைப் பாருங்கள், அழைப்பைப் பற்றி அன்றைக்கே வாதாட வேண்டாம். உங்களை ஐந்து வருடமாவது தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள், அதில் ஒருவர் உங்கள் சபைப் போதகராக இருக்கட்டும். கல்யாணப் பேச்சை மட்டும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது, அவளைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை. சம்பளத்தில் இந்த மாதத்திலிருந்தே ஒரு பங்கை எடுத்து, யாருக்கும் சொல்லாமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு ஏழை வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பியுங்கள், அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். தங்கையின் படிப்பு முடிகிற மாதத்தை இடது பக்கத்தில் அந்த வரிக்கு நேராக எழுதுங்கள். எழுதிவிட்டு அப்பா என்ன சொன்னார் என்று இங்கேயே சொல்லுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.